யூரோவிஷன், விடிகாலை ஐந்து மணிப் பதிப்பு

ஸ்காபரோவில் இருக்கும் என் மச்சாள் 2025 நவம்பரில் ஒரு குரல்பதிவு அனுப்பினார். கனடாவின் மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் யூரோவிஷன் என்ற சொல் வந்திருக்கிறதாம். அந்த நாட்டுப் பொது ஒலிபரப்பாளரான சிபிசியுடன் சேர்ந்து அந்தப் பாட்டுப் போட்டிக்குக் கனடாவும் போகலாமா என்று அரசாங்கம் ஆராய்கிறதாம். "நீங்கள்தானே அங்க பத்து வருசமா அதுக்குள்ள நிக்கிறீங்கள். பிரயோசனம் இருக்கோ இல்லையோ, அதை மட்டும் சொல்லு" என்று முடித்திருந்தார்.

அதை மட்டும் சொல்ல எனக்கு வராது. வாஷிங் மெஷினைப் பல வருடம் பாவித்த ஆள் எழுதுகிற மாதிரி முழுதாகவே எழுதிவிடுகிறேன். பொருள்: யூரோவிஷன் பாட்டுப் போட்டி, அதாவது நாடுகள் வருடா வருடம் ஆளுக்கொரு பாட்டை அனுப்பி ஒன்றுக்கொன்று புள்ளி போடுவது. செய்பவர்: ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம். எங்கள் நாட்டு முகவர்: எஸ்பிஎஸ் தொலைக்காட்சி. பாவித்த இடம்: மேற்கு சிட்னி, டூங்காபி, எங்கள் வீட்டு முன்னறை. பார்வையாளராக 1999 முதல். போட்டியில் நிற்கும் நாட்டின் ஆளாக 2015 முதல்.

1999இல் நான் இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஹோம்புஷில் மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு யூனிட்டில் இருந்தோம். அன்ரெனாவில் ஐந்து சானல்கள் வரும். அதில் எஸ்பிஎஸ் மட்டும் பனி கொட்டிக்கொண்டே வரும். ஆனாலும் அதைத்தான் போட்டு வைப்போம், ஏனென்றால் ஆங்கிலம் சரியாக வராதவர்களும் மனிதர்கள்தான் என்று நினைத்த ஒரே சானல் அது. வானொலியில் தமிழும் அவர்களிடம்தான் வந்தது. ஒரு ஞாயிறு இரவு ஜெருசலேமிலிருந்து நடந்த ஒரு போட்டியைப் போட்டார்கள். பிபிசியின் வர்ணனையாளர் டெரி வோகன் பின்னால் இருந்து எல்லோரையும் மெல்ல நக்கலடித்துக்கொண்டிருந்தார். பாதி எங்களுக்கு விளங்கவில்லை. சுவீடன் வென்றது. எவரும் எந்த மொழியிலும் பாடலாம் என்று விதியை மாற்றியது அந்த வருடம்தான் என்பதும், அதனால்தான் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆங்கிலத்தில் பாடினார்கள் என்பதும் பிறகு தெரிந்தது. அதற்கு முந்தின வருடம் பார்க்கத் தொடங்கியிருந்தால் அவரவர் மொழியில் கேட்டிருப்பேன். மேடைக்கு முன்னால் வாத்தியக் குழுவும் இருந்திருக்கும். அதையும் அந்த வருடம்தான் எடுத்துவிட்டார்கள்.

பிறகு கல்யாணமாகி டூங்காபிக்கு வந்தபோது பக்கத்து வீட்டில் மால்டாவிலிருந்து வந்த ஒரு கிழவி இருந்தார். இந்தப் பக்கம் மால்டாக்காரர் அதிகம். 2002இல் மால்டா இரண்டாம் இடம் வந்தது. லத்வியாவிடம் 12 புள்ளியில் தோற்றது. 2005இல் திரும்பவும் இரண்டாம் இடம், இந்த முறை கிரீஸிடம். 2002 முடிந்த மறுநாள் அவர் எங்கள் மதிலுக்கு மேலால் எட்டி, பெற்ற பிள்ளைக்கு ஏதோ அநியாயம் நடந்த மாதிரி, "பன்னிரண்டு! பன்னிரண்டே புள்ளி!" என்று கத்தினார். யூரோவிஷன் என்றால் என்ன என்று எனக்குச் சரியாக விளங்கியது அன்றைக்குத்தான். பாட்டைவிடப் புள்ளி முக்கியம்; புள்ளியைவிட யார் யாருக்குப் போட்டார்கள் என்பது முக்கியம். நல்லூர்த் திருவிழாவில் சாமியைவிடச் சனத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவுஸ்திரேலியா யூரோவிஷனுக்குள் வந்தது 2015இல். ஆனால் எஸ்பிஎஸ் அதை 1983இலிருந்தே ஒளிபரப்பிவருகிறது. முப்பது வருடத்துக்கு மேல் கிரேக்கரும் இத்தாலியரும் மால்டாக்காரரும் குரோஷியரும், பிறகு எங்களைப் போன்ற சம்பந்தமே இல்லாதவர்களும், ஒரு ஞாயிறு இரவை அதற்கென்று ஒதுக்கி வைத்திருந்தோம். உள்ளே வரச் சொல்லி அழைப்பு வந்தபோது வாசலில் முப்பது வருடமாக நின்றவர்களைத்தான் கூப்பிட்டார்கள். மச்சாளுக்கு நான் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்: உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் போன வருடம் யார் வென்றார் என்று தெரியும்?

சரி, இந்த 'ஐரோப்பா' விஷயத்தை முடித்துவிடுவோம். அவுஸ்திரேலியா எப்படி ஐரோப்பா என்று எங்கள் கோயிலில்கூட ஆட்கள் கேட்கிறார்கள். போட்டியின் விதியில் ஐரோப்பாக் கண்டம் என்று ஒன்று இல்லை. ஐரோப்பிய ஒலிபரப்புப் பரப்பு என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வரைந்த ஒரு எல்லை இருக்கிறது. அந்த எல்லை வட ஆபிரிக்காவையும் மத்திய கிழக்கின் ஒரு பகுதியையும் சேர்த்துத்தான் ஓடுகிறது. அதனால்தான் இஸ்ரேல் 1973இலிருந்து நிற்கிறது. மொரோக்கோ 1980இல் ஒரே ஒரு முறை வந்தது. 7 புள்ளி வாங்கி, கடைசிக்கு முதல் இடத்தில் நின்று, திரும்பி வரவே இல்லை. (அண்மை வருடங்களில் மேடை முழுக்க 'மொரோக்கன்ஓயில்' என்று எழுதியிருந்தது. அது தலைமயிர் எண்ணெய், விளம்பரதாரர். மொரோக்கோ போய்விட்டது, எண்ணெய் மட்டும் வந்திருக்கிறது.) லெபனான் 2005இல் வருவதாக இருந்தது, இஸ்ரேலின் பாட்டை ஒளிபரப்ப உள்நாட்டுச் சட்டம் இடம்தராததால் விலகியது. ஆர்மேனியா, ஜோர்ஜியா, அஸர்பைஜான் எல்லாம் வந்தன. அஸர்பைஜான் 2011இல் வென்று அடுத்த வருடம் பாகுவில் நடத்தியும் காட்டியது.

ஆட்களைப் பார்த்தால் எல்லை என்ற ஒன்று எப்போதுமே இருந்ததில்லை. 1988இல் சுவிஸுக்கு வென்று கொடுத்தது செலின் டியோன், கனடாக்காரி. 1974இல் ஆபா வென்ற மேடையில் பிரித்தானியாவுக்காக நான்காம் இடம் வந்தது மெல்பேர்னில் வளர்ந்த ஒலிவியா நியூட்டன் ஜோன். அயர்லாந்துக்கு இரண்டு முறை பாடி வென்ற ஜோனி லோகன் பிறந்தது மெல்பேர்னுக்குப் பக்கத்து பிராங்ஸ்டனில். பாடகர் வெளியிலிருந்து வரலாம், வெல்லலாம், ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கொடி வந்தால் மட்டும் "நீ யார்" என்று கேட்பார்கள். இந்த அனுபவம் எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை.

ஆகவே 'வெளிநாடு சேரலாமா' என்ற கேள்விக்கு வரைபடத்தில் பதில் இல்லை. சேர்ந்தால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதைப் பாவித்தவர் சொல்ல வேண்டும்.

முதலில் கிடைத்தது. 2015 வியன்னா. அறுபதாவது போட்டி என்பதால் ஒரு முறை மட்டும் விருந்தாளியாக அழைத்தார்கள். அரையிறுதிகூட இல்லாமல் நேரே இறுதிக்கு. போனவர் கை செபஸ்டியன் என்ற பாடகர். மலேசியாவின் கிள்ளானில் பிறந்தவர், தகப்பன் வழியில் இலங்கை வேர் உண்டு. அம்மாவுக்கு அது போதும். "செபஸ்தியான் எண்டால் எங்கட பாஷையூர்ப் பக்கத்துப் பெடியன் மாதிரித்தான்" என்று சொல்லி, விடிய நாலரைக்கு எழும்பி, ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போட்டுக்கொண்டு முன்னறையில் வந்து உட்கார்ந்தார். செபஸ்டியன் ஐந்தாம் இடம் வந்தார். ஒரு முறை மட்டும் என்றவர்கள் அடுத்த வருடமும் கூப்பிட்டார்கள்.

2016 தான் இந்தப் பொருளின் உச்சம். ஸ்டொக்ஹோம். டாமி இம், கொரியாவில் பிறந்து சிறு பிள்ளையாகக் குயின்ஸ்லாந்துக்கு வந்தவர். மின்னும் வெள்ளைக் கவுணோடு ஒரு பெட்டிக்கு மேல் உட்கார்ந்தே பாட்டின் பெரும்பகுதியைப் பாடினார். அந்த வருடம்தான் நடுவர் புள்ளியையும் மக்கள் புள்ளியையும் பிரித்துச் சொல்லும் முறை வந்தது. நடுவர் புள்ளிகள் முடிந்தபோது நாங்கள் 320, உக்ரைன் 211. எங்கள் வீட்டில் ஒருவரும் பேசவில்லை. என் கணவர் மட்டும் "இனி எங்கட ஒபெரா ஹவுஸ்லதான்" என்றார். அது நடக்காது என்று அப்போது அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு வருகிறேன். பிறகு மக்கள் புள்ளிகள். எங்களுக்கு 191. உக்ரைனுக்கு 323. ரஷ்யாவுக்கு 361. கூட்டிப் பார்த்தால் உக்ரைன் 534, நாங்கள் 511. நடுவரிலும் முதல் வராத, மக்களிலும் முதல் வராத உக்ரைன், இரண்டிலும் இரண்டாவதாக வந்து வென்றுவிட்டது. இருபத்துமூன்று புள்ளி. ஒன்பது மணிக்கு நான் மதில் பக்கம் போனேன். மால்டாக் கிழவி அப்போது இல்லை, வீடு விற்றுவிட்டார்கள். இருந்திருந்தால் நான் கத்தியிருப்பேன்.

இப்போது கிடைக்காதது. வென்றிருந்தாலும் 2017 போட்டி சிட்னிக்கு வந்திருக்காது. அவுஸ்திரேலியா வென்றால் ஐரோப்பாவில் உள்ள ஒரு ஒலிபரப்பாளரோடு சேர்ந்து ஐரோப்பிய நகரம் ஒன்றில்தான் நடத்த வேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்தே உள்ள நிபந்தனை. கல்யாணம் எங்கள் வீட்டில், மண்டபம் மட்டும் இருபத்திரண்டு மணிநேரப் பறப்புக்கு அப்பால். நியாயம்தான், அவர்கள் நள்ளிரவில் எழும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் கனடா இதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். வென்றால் சுற்றுலா வரும், ஹோட்டல் நிரம்பும் என்று யாராவது கணக்குப் போட்டிருந்தால், அந்தக் கணக்கைக் கிழித்துப் போடலாம்.

இரண்டாவது குறை இன்னும் பெரிது. அதை விளக்கக் கொஞ்சம் இயந்திரத்தைத் திறந்து காட்ட வேண்டும். ஒவ்வொரு நாட்டின் மக்களும் தொலைபேசியிலும் செயலியிலும் வாக்களிப்பார்கள். அந்த நாட்டில் முதல் பத்து இடம் வந்த பாட்டுக்கு மட்டும்தான் புள்ளி: 12, 10, பிறகு 8இலிருந்து 1 வரை. பதினோராம் இடத்துக்குப் பூச்சியம். ஒரு பாட்டு நாற்பது நாட்டிலும் பதினோராவதாகப் பிடித்திருந்தால் மொத்தப் புள்ளி பூச்சியம். நடுவர்கள் எல்லாப் பாட்டையும் இருந்து கேட்டு வரிசைப்படுத்த வேண்டும்; வீட்டில் இருப்பவர் தனக்கு மிகப் பிடித்ததற்கு மட்டும் காசு செலவழிப்பார். பிடித்தது ஒன்றும் இல்லாவிட்டால் பக்கத்து நாட்டுக்குப் போடுவார். அல்லது தான் பிறந்த நாட்டுக்கு, அங்கேயிருந்து வந்து இருப்பதால். கிரீஸுக்கு சைப்ரஸ் இருக்கிறது. நோர்டிக் நாடுகளுக்கு ஒன்றையொன்று தெரியும். அவுஸ்திரேலியாவுக்கு யார்? பக்கத்து நாடு நியூசிலாந்து, அது போட்டியில் இல்லை.

விளைவைப் பாருங்கள். 2017இல் ஐசாயா பயர்பிரேஸ் நடுவரிடம் 171, மக்களிடம் 2. 2018இல் ஜெசிக்கா மவ்போய், நடுவர் 90, மக்கள் 9. 2022இல் ஷெல்டன் ரைலி, நடுவர் 123, மக்கள் 2. முழு ஐரோப்பாவிலிருந்தும் இரண்டு. சூரிச்சில் இருக்கும் சின்னண்ணா ஒவ்வொரு வருடமும் எங்களுக்காக இருபது வாக்கும் போடுவார் (ஒருவர் இருபது வரை போடலாம் என்று இருந்தது). "அந்த ரெண்டில ஒண்டு என்ர" என்று இன்றைக்கும் சொல்கிறார். அவுஸ்திரேலியாவுக்குப் புலம்பெயர் வாக்கு என்று ஏதாவது இருந்தால் அது ஈழத் தமிழர் வாக்குத்தான் என்று நாங்கள் சிரிப்போம். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. அண்ணா அந்தப் பாட்டை முழுதாகக் கேட்டதே இல்லை.

2023இலிருந்து அரையிறுதிகளில் நடுவர்களை எடுத்துவிட்டு மக்கள் வாக்கு மட்டும் என்றார்கள். அது எங்களைப் போன்றவர்களுக்குத் தலையில் விழுந்த தேங்காய். 2024, 2025 இரண்டு வருடமும் இறுதிக்கு வரவில்லை. அதற்காக மக்கள் வாக்கு எப்போதும் எங்களுக்கு எதிரி என்று சொல்லவும் முடியாது. நடுவர் இல்லாத அந்த முதல் வருடத்திலேயே பெர்த்திலிருந்து போன வொயேஜர் என்ற மெட்டல் இசைக் குழு தங்கள் அரையிறுதியில் முதலாவதாக வந்தது. அந்தக் குழுவின் பாடகர் பகலில் குடிவரவு வழக்கறிஞர். அம்மா அதைக் கேட்டதும், "எங்கட அலுவல் நடக்கேக்க இவரைப் பிடிச்சிருக்கலாம், வழக்குத் தோத்தாலும் ஒரு பாட்டாவது கேட்டிருக்கலாம்" என்றார். 2026இல் வியன்னாவில் அரையிறுதிக்கு நடுவர்கள் திரும்ப வருகிறார்கள் என்று அறிவித்திருக்கிறார்கள். எங்களுக்கு நல்ல செய்தி. கனடா வந்தாலும் அவர்களுக்கும் நல்ல செய்தி, ஏனென்றால் அவர்களின் அயல் அமெரிக்கா.

முகவரின் சேவை பற்றி. எஸ்பிஎஸ்ஸுக்கு நான் தாராளமாகப் புள்ளி போடுவேன். இலவசம். இரண்டு அரையிறுதியும் இறுதியும் விடிய ஐந்து மணிக்கு நேரலை, மாலையில் மறுஒளிபரப்பு. ஜூலியா செமீரோவும் சாம் பாங்கும் வர்ணனை செய்த காலம் (2009 முதல் 2016 வரை) பொற்காலம். நக்கல் இருக்கும், ஆனால் வோகனுடையதைப் போல மேலிருந்து கீழே பார்க்கிற நக்கல் இல்லை, கூட இருந்து சிரிக்கிற நக்கல். எங்கள் புள்ளிகளை அறிவிக்க முதல் மூன்று வருடமும் செய்தி வாசிப்பாளர் லீ லின் சின்னை உட்கார வைத்தார்களே, அதற்கு மட்டும் தனியாகப் பன்னிரண்டு.

நேரம்தான் கொல்லும். மே மாதம் சிட்னியில் விடிய ஐந்து மணி என்றால் இருட்டு, குளிர், தேத்தண்ணி ஆறுவதற்கு இரண்டு பாட்டு போதும். நிகழ்ச்சி நாலு மணிநேரம். வேலைக்குப் போகிறவர்கள் புதன், வெள்ளி விடிய எழும்பி அரையிறுதியும் பார்த்தால் அந்தக் கிழமை முழுக்கத் தூக்கம் போச்சு. எழும்ப முடியாதவர்கள் மாலையில் பார்ப்பார்கள். ஆனால் மாலையில் பார்ப்பவர் வாக்களிக்க முடியாது, அது காலையிலேயே முடிந்த விஷயம். அதனால் 'அவுஸ்திரேலிய மக்களின் தீர்ப்பு' என்று மேடையில் வாசிக்கப்படுவது, உண்மையில் ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பும் பைத்தியங்களின் தீர்ப்பு. நானும் அதில் ஒருத்தி என்பதால் அந்தத் தீர்ப்பில் எனக்கு நம்பிக்கை உண்டு.

என் கணவர் மாலைக் கட்சி. நாள் முழுக்கக் கைத்தொலைபேசியைத் தொடாமல், முகநூல் பக்கம் போகாமல், தவம் மாதிரி இருப்பார். 2019இல் ஒன்பதரைக்கு சின்னண்ணா நேரே வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்து, "ஒன்பதாம் இடம், குறை சொல்லேலாது" என்றார். வீட்டுத் தொலைபேசி இணைப்பை அடுத்த மாதம் எடுத்துவிட்டோம்.

வாக்களிப்பதில் ஒரு முறை எனக்கு நல்ல அடி. 2017இல் குறுஞ்செய்தி அனுப்புகிறேன், போகவே இல்லை. கட்டணக் குறுஞ்செய்திகளை என் தொலைபேசிக் கம்பனி (பெயர் வேண்டாம்) தானாகவே முடக்கி வைத்திருந்தது. திறந்துவிடச் சொல்லி அழைத்தால், ஞாயிறு காலை ஏழரைக்கு ஒரு இயந்திரக் குரல் என்னை ஒன்பது முறை 'ஒன்றை அமுக்கவும்' என்றது. கடைசியில் ஒரு மனிதர் வந்தபோது வாக்களிப்பு முடிந்து, மேடையில் வேறு யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர் பாவம், யூரோவிஷன் என்றால் என்ன என்று கேட்டார். விளக்கினேன். மொத்தம் பதினெட்டு நிமிடம். மச்சாளே, முதல் நாளே சோதித்துப் பாருங்கள்.

உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், நேரம். இறுதிப் போட்டி ரொறன்ரோவில் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி. வடை சுட்டு வைத்துக்கொண்டு பார்க்கிற நேரம். எனக்கு இதில் கொஞ்சம் பொறாமை உண்டு. அதோடு நீங்கள் போட்டியில் இல்லாத இப்போதே வாக்களிக்கலாம். 2023இலிருந்து 'உலகின் மற்ற நாடுகள்' என்று ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. இணையத்தில் போட்டால் உங்களையும் இந்தியாவையும் பிரேசிலையும் எல்லாம் சேர்த்து ஒரே ஒரு நாடாக எண்ணுவார்கள். இது ஒரு விதத்தில் அவமானம், ஒரு விதத்தில் நல்ல வெள்ளோட்டம். காசு கட்டி உள்ளே வருவதற்கு முன்னால் ஒரு வருடம் இதைப் பாவித்துப் பாருங்கள் என்பேன்.

வெளியிலிருந்து வருபவர் உள்ளே இருப்பவரின் இடத்தைப் பறிக்கிறாரா? ஒவ்வொரு அரையிறுதியிலிருந்தும் இறுதிக்குப் பத்து இடம்தான், நாங்கள் ஒன்றை எடுத்தால் ஒருவர் வீட்டுக்குப் போகிறார். அது உண்மை. பொஸ்னியா 2016க்குப் பிறகு வரவில்லை, அவர்களின் ஒலிபரப்பாளர் கடனில். வட மசிடோனியா 2022க்குப் பிறகு இல்லை. சின்ன நாடுகளுக்குக் கட்டணம் கட்ட முடியாமல் இருக்கும்போது, பணம் உள்ள தூரத்து நாடு ஒன்று உள்ளே வருவது பார்க்க வடிவாக இல்லை. இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் 2024இல் இலெக்ட்ரிக் பீல்ட்ஸ் என்ற இருவர் மால்மோ மேடையில் யான்குனிட்ஜாஜாரா மொழிச் சொற்களோடு பாடியபோது, நான் பக்கத்தில் இருந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். நடுப் பாலைவனத்தின் மொழி அது. இந்த நாட்டிலேயே இருபத்தைந்து வருடம் இருந்து, நான் அதை அதற்கு முன் ஒரு முறையும் கேட்டதில்லை. அதைக் கேட்கச் சுவீடன் வரை போக வேண்டியிருந்தது. அவர்கள் இறுதிக்கு வரவில்லை. வெளிநாடு ஒன்று வருவதென்றால் இப்படி ஏதாவது கொண்டுவர வேண்டும். சுவீடன்காரர் எழுதிய ஆங்கிலப் பாட்டைக் கனடாவும் பாடுவதென்றால், அதற்குச் சுவீடனே இருக்கிறதே.

கேட் மில்லர் ஹைட்கியையும் சொல்லாமல் விடக்கூடாது. 2019, டெல் அவிவ். ஒபெரா படித்த பெண், உயரமான வளையும் கம்பத்தின் உச்சியில் நின்று, காற்றில் சாய்ந்து சாய்ந்து பாடினார். அம்மா மூன்று நிமிடமும் "விழப்போகுது, விழப்போகுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பாட்டு என்ன என்று கேட்டால் இன்றும் தெரியாது. கம்பம் நினைவிருக்கிறது.

அரசியலைச் சொல்லாமல் இந்த விமர்சனம் முடியாது, சொல்லவும் விருப்பமில்லை. இது அரசியல் இல்லாத போட்டி என்று ஏற்பாட்டாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். உக்ரைனுக்குள் ரஷ்யா புகுந்ததும் 2022இல் ரஷ்யாவை வெளியே விட்டார்கள், சரி. காசா விஷயத்தில் அதே அளவுகோல் எங்கே என்று கேட்டு, அயர்லாந்து, ஸ்பெயின், நெதர்லாந்து, ஸ்லோவேனியா, ஐஸ்லாந்து ஐந்தும் வியன்னாவுக்கு வருவதில்லை என்று 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டன. அதில் ஸ்பெயின், காசு அதிகம் கட்டி நேரே இறுதிக்கு வரும் 'பெரிய ஐந்து' நாடுகளில் ஒன்று, அயர்லாந்து ஏழு முறை வென்றது. 2025இல் மக்கள் வாக்கில் இஸ்ரேல் முதலாவதாக வந்ததும், அரசாங்கமே விளம்பரம் செய்து வாக்குக் கேட்டது பற்றிய சண்டையும், இருபது வாக்கைப் பத்தாகக் குறைத்ததும் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. என் மகள் 2025இலேயே முன்னறைக்கு வரவில்லை. "உங்களுக்கு நடந்ததை உலகம் பார்த்துக்கொண்டு பாட்டுக் கேட்டுது எண்டு நீங்கள்தானே சொல்லித்தந்தனீங்கள்" என்றாள். நான் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன், ஆனால் சத்தத்தைக் குறைத்து வைத்தேன். ஐந்து நாடு விலகும் நேரத்தில் வெளியிலிருந்து புதிதாக ஒரு நாடு உள்ளே வந்தால், அது காலியான கதிரையில் போய் உட்காருவதாகத்தான் தெரியும். கனடாவுக்கு நான் அவசரப்படாதீர்கள் என்று சொல்வதற்கு இது ஒரு காரணம்.

2025இல் சுவிஸின் பாசலில் இறுதி நடந்தபோது சின்னண்ணாவின் மகளுக்கு மண்டபத்து டிக்கெட் கிடைக்கவில்லை. பக்கத்து உதைபந்தாட்ட மைதானத்தில் பெரிய திரையில் முப்பத்தாறாயிரம் பேரோடு பார்த்தாள். அவுஸ்திரேலியா அரையிறுதியோடு போய்விட்டது, ஆனாலும் அவள் ஒரு கையில் சுவிஸ் கொடி, மறு கையில் எங்கள் கொடி பிடித்துக்கொண்டு காணொளி அனுப்பினாள். எனக்கு அங்கே மணி எத்தனை என்று பார்க்கத் தோன்றவில்லை, இங்கே விடிந்துகொண்டிருந்தது. ஒஸ்திரியா வென்றது. ஜேஜே, ஒபெராக் குரல். அம்மா அவருடைய குரலைக் கேட்டு, "இது பொம்பிளையோ ஆம்பிளையோ" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல், "நல்லாப் பாடுது" என்று முடித்தார்.

புள்ளி போடச் சொன்னால், பார்வையாளருக்கு ஐந்தில் நாலரை. போட்டியாளர் நாட்டுக்கு மூன்று. அதில் ஒன்று டாமி இம்முக்காக மட்டும். மச்சாளுக்கு என் பதில்: வெளிநாடுகள் சேரலாம், ஆனால் ஒவ்வொன்றாக, வாசலில் நின்று பார்த்த வருடங்களை எண்ணிப் பார்த்து. நீங்கள் முதலில் ஐந்து வருடம் பாருங்கள். தெருவில் யாராவது ஒருவர் மதிலுக்கு மேலால் கத்தத் தொடங்கட்டும். அப்புறம் சிபிசிக்கு எழுதுங்கள்.

2026 மே 16 இறுதி. எங்களுக்கு 17, ஞாயிறு. வியன்னாவில், 2015இல் செபஸ்தியான் பாடிய அதே மண்டபம்.  அம்மாவுக்கு இப்போது எண்பத்துமூன்று. நாலரைக்கு எழுப்பச் சொல்லியிருக்கிறார், "எங்கட ஆள் நிண்டா மட்டும்" என்று ஒரு நிபந்தனையோடு.